ஜீனோவை எங்கே உட்கார வைப்பது?

விஞ்ஞான நாவலைப் படமாக்கலாம் என்று சாலிகிராமத்தில் டிஸ்கஷன் ஆரம்பித்தால் முதல் பேச்சே சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) பட்ஜெட்தான். அதற்கு முன்னால் அடிபடுவது கதைசொல்லி. நாட்டின் சட்டதிட்டம் முழுவதையும் ஒரே பத்தியில் சொல்லிவிட்டுப் போகிறவருக்குத் திரையில் வேலையில்லை.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையே எடுத்துக்கொள்வோம். அந்த நாவலில் வரும் ஆட்சியில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. படிப்பவர் கண்ணுக்கு இது பிடிபடும். பார்ப்பவரின் காது எழுத்தை எண்ணாது. வசனத்தில் விளக்கினாலும் ஒட்டாது. அங்கேயே வாழ்கிறவர்கள் தங்கள் பெயர் விதியை எதற்குப் பேசிக்கொள்ளப் போகிறார்கள்? குழந்தை பெற அனுமதி கேட்கும் படிவத்தைக் காட்டுங்கள். பெயருக்கு இரண்டே கட்டம். நாலு விநாடி குளோசப்பில் பெயர், குழந்தை என்று இரண்டு சட்டமும் முடிந்தது.

நாவலில் கதைசொல்லி மட்டுமே சொல்லும் வரிகளை அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'பொருள்' (அந்தப் படிவம் மாதிரி), 'செயல்', 'வேண்டாம்' என்று குறித்துவிட வேண்டும். பாதிக்கு மேல் 'வேண்டாம்'தான் விழும், விழட்டும். மிச்சத்தைப் பின்னணிக் குரலில் திணித்தால் என்னாகும் என்பதற்கு டேவிட் லிஞ்சின் 1984 படம் 'டியூன்' (Dune) இருக்கிறது: பாத்திரங்கள் மனசுக்குள் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது ஜீனோ, அதே நாவலின் பேசும் இயந்திர நாய். முதல் தலைவலி உயரம். நிற்கும் நாயகி நிலாவும் தரையில் ஜீனோவும் 2.39 அகலச் சட்டகத்தில் (உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம்) ஒன்றாக அடங்க கேமராவைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டு முகமும் போச்சு. தனித்தனி ஷாட்டாக வெட்டினால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சிஜி ஷாட். ஆகவே மேஜை, படிக்கட்டு, மடி என்று திரைக்கதையிலேயே அதற்கு இடம் எழுதிவிடுங்கள்.

வாய் அசையுமா என்பதையும் அப்போதே முடிவுசெய்ய வேண்டும். அசைந்தால் அனிமேஷனுக்கு முன்பே வசனம் இறுதியாக வேண்டும். காதும் கண் விளக்கும் மட்டும் அசைந்தால் கடைசி டப்பிங் வரை நகைச்சுவையைச் செதுக்கலாம். பேச்சுதான் ஜீனோவின் உயிர் என்பதால் எங்கள் ஓட்டு மூடிய வாய்க்கே.

செட்டில் நடிகரின் பார்வைக்கு அதே உயரத்தில் பொம்மை வேண்டும். டேக் ஓகே ஆனதும் பொம்மையை எடுத்துவிட்டு, விளக்கை நகர்த்தாமல் ஒரு கிளீன் பிளேட், அதாவது அதே சட்டகத்தை வெறுமையாக ஒரு முறை எடுப்பது. சாயங்கால வெளிச்சம் போகிறதென்று இதைத்தான் முதலில் விடுவார்கள். பிறகு பத்து விநாடி ஷாட்டில் 240 ஃபிரேமிலும் பொம்மையை அழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கதை நடக்கும் 2021 கடந்துவிட்டது பெரிய விஷயமில்லை, வருஷத்தை நீக்கிவிடலாம். சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐடி கண்ணாடிக் கட்டடங்களை மட்டும் எதிர்காலம் என்று காட்டாதீர்கள்; டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வேலை முடிந்து வந்திருப்பார்கள்.