ஹெலிகாப்டர்ல தொங்கிப்போன வீடு

ரெண்டு நாளா ஸ்லொவேனியாவுல ஸ்கூட்டா மலைல இருக்கிற அந்தக் குட்டி ஷெல்டரோட டிராயிங்கையேதான் பாத்துட்டு இருக்கேன். 2015ல வச்சது, ஓஃபிஸ் (OFIS) ஆர்க்கிடெக்ட்ஸ்ங்கிற கட்டட டிசைன் கம்பெனியும் ஹார்வர்ட் ஸ்டூடன்ட்ஸும் சேர்ந்து டிசைன் பண்ணது. மலையேறப் போறவங்க எட்டு பேர் வரைக்கும் உள்ள புகுந்து படுத்துக்கலாம்.

அங்க ரோடு போட்டு ஜல்லி சிமென்ட் ஏத்திட்டுப் போற கதையெல்லாம் கிடையாது, அதனால மொத்தத்தையும் மூணு மாட்யூலா, அதாவது தனித்தனி பகுதியா, கீழயே செஞ்சு ஹெலிகாப்டர்ல தொங்கவிட்டுக் கொண்டுபோய் சரிவுல படி மாதிரி இறக்கி ஜோடிச்சிருக்காங்க, பாறையையும் ரொம்பக் குடையல, சில இடத்துல மட்டும்தான் பிடிப்பு. முதல் மாட்யூல்ல வாசல், பை வைக்க, கொஞ்சம் சமைக்க இடம், அடுத்ததுல படுக்கவும் உக்காந்து பேசவும், கடைசில அடுக்குக் கட்டில். வெளிய கிளாஸ் ஃபைபர் (கண்ணாடி இழை) கலந்த கான்கிரீட் பலகை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது முனையில இருக்கிற அந்தப் பெரிய கண்ணாடிதான், மூணு அடுக்கு. குளிர் தாங்கினா போதும்னு விட்டுடாம, களைச்சுப்போய் வந்தவங்க படுத்துக்கிட்டே பள்ளத்தாக்கைப் பாக்கட்டும்னு யோசிச்சிருக்காங்க பாருங்க! மாட்யூலும் மாட்யூலும் சேர்ற அந்த ஜாயின்ட்டை மட்டும் இன்னிக்கு ராத்திரி கையால வரைஞ்சு பாக்கணும்.