எல்லைக் கம்பி அறுந்தால் எங்கே தேடுவது?

தானியங்கிப் புல்வெட்டி சிக்னல் இல்லாமல் நின்றுவிட்டால் உடனே மெஷினைப் பிரிக்காதீர்கள். மெஷினுக்கு எல்லை காட்டும் சிக்னல், புல்தரையைச் சுற்றிப் புதைத்த எல்லைக் கம்பி வழியாகத்தான் வருகிறது. சார்ஜிங் ஸ்டேஷனில் அந்தக் கம்பியின் இரு முனைகளையும் கழற்றி, மல்டிமீட்டரில் தொடர்ச்சி (கம்பி எங்கும் அறாமல் இருப்பது) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கோளாறு மண்ணுக்குள்தான்.

முழு நீளத்தையும் தோண்ட வேண்டாம், பாவம் அந்தப் புல்தரை! பழைய ஜாயின்ட்டுகளை முதலில் திறங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான்: ஈரம் புகுந்து, செம்பு பச்சை பூத்து, தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். இழுத்துப் பிடித்து இணைத்தால் மறுபடி அறும்; ஒரு சாண் துண்டு சேர்த்து, ஜெல் நிரப்பிய 2 கனெக்டர் போடுங்கள். கம்பியின் உறையை உரிக்காமல் அடிவரை செருகி, பிளையரால் அழுத்தினால் போதும்.

கிளம்புமுன் புல் நுனியைப் பாருங்கள். கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்து, கையுறை போட்டு, எல்லா பிளேடுகளையும் ஸ்குரூவோடு மாற்றுங்கள்.