மையை ஊதினால் நியூரான்: பயிற்சி நடத்தும் தன்னார்வலர்களுக்கு

பள்ளிப் பாடப்புத்தகத்து நியூரான், அதாவது நரம்பு செல், படம் எல்லோருக்கும் தெரியும். நட்சத்திரம் போல ஒரு தலை, நீண்ட வால், வால் நுனியில் குஞ்சம். பிள்ளைகள் அதைப் பார்க்காமலே வரைந்து பாகமும் குறித்துவிடுவார்கள். ஆனால் மூளையில் இருக்கும் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களும் அந்த ஒரே அச்சில் வார்த்தவை என்ற எண்ணம் அவர்கள் மனதில் படிந்துவிடுகிறது. அதைக் கலைக்க மலிவான வழி, அட்டையில் மைத்துளி விட்டு, ஸ்ட்ராவால் கிளை கிளையாக ஊதவிடுவது. ஊர் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ 20 பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்தில் நடத்தலாம். நான்கு தன்னார்வலர்கள் வேண்டும். அதில் ஒருவர் மை சொட்டுவதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்குப்பியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பாதி நேரம் தரை துடைப்பதில் போய்விடும்.

ஜெராக்ஸ் தாள் உதவாது. மை ஊறி ஓரம் பிசிறி, கிளைகள் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் வழவழப்பான சார்ட் அட்டை வாங்கி, ஒன்றை எட்டாக வெட்டுங்கள். ஆளுக்கு இரண்டு துண்டு. முதல் துண்டு பழக, இரண்டாவதுதான் படம். கறுப்பு போஸ்டர் கலர் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு. அட்டையைச் சாய்த்தால் பால் போல ஓட வேண்டும். தோசை மாவுப் பதத்தில் இருந்தால் நகராது. தண்ணீர் கூடிப்போனால் சாம்பல் நிறத்தில் குளம் கட்டும். ஒரு படத்துக்கு ஐந்து சொட்டு, அதாவது கால் மில்லி. சிந்துவதையும் சேர்த்து 30 மில்லி கலந்தால் தாராளம்.

பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2022 ஜூலை முதல் தடை. காகித ஸ்ட்ராவை 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். எச்சிலில் நனைந்து நுனி தொளதொளத்துவிடும் என்பதால் ஆளுக்கு இரண்டு கொடுங்கள். சோப்பு நுரை ஊதும் பப்பாளிக் காம்பு நினைவுக்கு வரலாம். அதன் பால் உதட்டில் பட்டால் எரியும். துளையும் பெரிது, காற்று பரந்து போகும். வேண்டாம்.

மேலிருந்து நேராக ஊதினால் மை சுற்றிலும் தெறித்துப் பூ மாதிரி ஆகும்; கிளை வராது. ஸ்ட்ராவை அட்டைக்கு ஏறக்குறையக் கிடையாக, துளியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். குறுகிய ஊதல்களாக ஊதி, மை ஓடும் முனையை ஸ்ட்ரா பின்தொடர வேண்டும். தலையைத் திருப்புவதற்குப் பதில் அட்டையைத் திருப்பச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மை பாதியிலேயே காய்ந்து நின்றுவிடும். வெயில் காலத்தில் இது கஷ்டம்தான், அதனால் காலை வேளையே நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் விடாமல் ஊதும் பிள்ளைக்குக் கிறுகிறுக்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதே காரணம். நான்கு ஊதலுக்கு ஒரு முறை ஸ்ட்ராவைக் கீழே வைக்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்துங்கள். அந்தக் காரணத்தையும் சொல்லுங்கள்; மூளையைப் பற்றிய முதல் பாடமே அதுதான். வீசிங் இருக்கும் பிள்ளைகள் ஊதக்கூடாது. வெற்று இங்க் ஃபில்லரின் ரப்பர் குமிழை அமுக்கியே காற்றைத் தள்ளலாம். கிளைகள் இன்னும் நேர்த்தியாகவே வருகின்றன.

துளியை அட்டையின் நடுவில் விட்டு எல்லாப் பக்கமும் ஊதினால் பல கிளை நியூரான். அடிப்பகுதியில் விட்டு, ஒரே பலமான ஊதலில் தண்டை மேலே ஏற்றி, பிறகு மெல்ல மெல்லப் பிரித்தால் சிறுமூளையில் இருக்கும் பர்கின்ஜி செல். நிஜத்திலும் அது விசிறி போலத் தட்டையானது என்பதால் இந்த ஒன்றைத் தாளில் அதிகம் பொய் சொல்லாமல் காட்ட முடிகிறது. டென்ட்ரைட்டுகள், அதாவது சைகையை வாங்கும் இந்தக் கிளைகள், காய 20 நிமிடம் ஆகும். பிறகு செல்லின் உடலான சைட்டானிலிருந்து, சைகையை வெளியே கொண்டுபோகும் வாலான ஆக்சானை, ஒரே ஒன்று மட்டும், மெல்லிய தூரிகையால் இழுக்கச் சொல்லுங்கள். அதன்மேல் மஞ்சள் சாயத்தில் சுண்டுவிரல் ரேகையை இடைவெளி விட்டுப் பதித்தால், ஆக்சானைப் போர்த்தும் கொழுப்புப் படலமான மையலின் உறை. அந்த இடைவெளிகளே ரேன்வீர் கணுக்கள். எல்லோரும் இடைவெளியை மூடிவிடுவார்கள், அழகாக இல்லை என்று. மின்சாரச் சைகை கணுவுக்குக் கணு புதுப்பிக்கப்பட்டுத் தாவுகிறது, மூடினால் வழி அடைபடும் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும்.

காயும் அந்த 20 நிமிடத்தை வீணாக்காதீர்கள். ஒரு முழு சார்ட்டைத் தரையில் விரித்து, எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஒன்றிலேயே ஒரு துளி ஊதச் சொல்லுங்கள். ஐந்தாவது ஆள் வருவதற்குள் எந்தக் கிளை யாருடையது என்று தெரியாது. இருபதாவது ஆளுக்குள் ஒரே கறுப்பு. “இதில் உன்னுடையதைக் காட்டு” என்று கேளுங்கள். விரல் வைப்பார்கள், கொஞ்ச தூரம் போவார்கள், தொலைத்துவிடுவார்கள். கோல்ஜியின் கதையைச் சொல்ல வேண்டிய தருணம் அது. 1873இல் இத்தாலியின் கமிலோ கோல்ஜி, பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். நூற்றில் சில செல்கள் மட்டுமே, ஆனால் நுனிக்கிளை வரை முழுதாகக் கறுத்தன. எல்லாமே கறுத்திருந்தால் தரையில் கிடக்கும் சார்ட்டின் கதிதான். ஓவியனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, மருத்துவரான தந்தையின் பிடிவாதத்தால் மருத்துவம் படித்த ஸ்பெயின்காரர் சந்தியாகோ ரமோன் இ கஹால் 1887இல் அந்தச் சாயத்தைக் கண்டார். நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். நியூரான்கள் ஒரே வலையாகப் பின்னியவை அல்ல, தனித்தனிச் செல்கள் என்று 1888 முதல் வாதிட்டார். வலைதான் என்றவர் கோல்ஜி. 1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட ‘தரணி’ தொகுப்பு, கருவில் வளரும் மனித மூளையின் நுண்படங்களை இலவசமாகத் தருகிறது. கைபேசியில் காட்டலாம். அதில் இருப்பது வேறு வகைச் சாயம். செல்கள் புள்ளிகளாகத் தெரியும், கிளைகள் தெரியாது. பிள்ளைகள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

காய்ந்த படங்களைத் தரையில் வரிசையாக அடுக்கும்போது ஒருவரின் ஆக்சான் நுனி அடுத்தவரின் டென்ட்ரைட் பக்கத்தில் வர வேண்டும், தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். இரண்டு நியூரான்கள் சைகையைக் கைமாற்றும் இடமான சினாப்ஸில் நிஜ இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். தாளில் அது 50,000 மடங்கு பெரிதாகிவிட்டது. அதே சமயம் ஆக்சான் படுமோசமாகக் குறுகிவிட்டது. காலை அசைக்கும் நியூரானின் சைட்டான் 0.05 மி.மீ. என்றால், 1 செ.மீ. பொட்டாக வரைவது 200 மடங்கு பெருக்கம். தண்டுவடத்திலிருந்து பாதம் வரை 1 மீட்டர் போகும் அதன் ஆக்சானையும் அதே அளவில் வரைய 200 மீட்டர் தாள் வேண்டும். கணக்கைப் பிள்ளைகளையே போடவிட்டு, வாசலுக்குக் கூட்டிப்போய் 200 மீட்டர் எங்கே முடிகிறது என்று காட்டுங்கள்.

கலையும் மூளையும் என்றதும் “வலது மூளை கலைக்கு, இடது மூளை கணக்குக்கு” என்று ஆரம்பிக்கும் தன்னார்வலர்கள் நிறைய. தயவுசெய்து விட்டுவிடுங்கள். வலது கையால் வரையும் பிள்ளையின் கையை ஓட்டுவது பெரும்பாலும் இடது பெருமூளைதான். கண் காண்பதைப் பிடரிப் பக்கத்தில் இரு பாதிகளும் சேர்ந்தே வாங்கிக்கொள்கின்றன. தனக்கு வரைய வராது என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளையை அந்தப் பொய் இன்னும் ஒதுக்கிவிடும். மை ஊதுவதில் வரையும் திறமையே தேவைப்படாததால், முதலில் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன் அட்டையின் பின்பக்கத்தில், இந்தப் படத்தில் தப்பாக இருப்பவை என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். ஆக்சான் குட்டை, இடைவெளி பெரிது என்று இரண்டு உடனே வரும். மூன்றாவதுக்குக் கொஞ்சம் உதவி தேவை: மை காற்று தள்ளிய பக்கம் ஓடுகிறது, நியூரானின் கிளையோ சுற்றியுள்ள செல்கள் விடும் வேதிச் சைகைகளை மோப்பம் பிடித்து வளர்கிறது, வளர்ந்த பிறகு பயன்படாத இணைப்புகள் பலவற்றை உதிர்த்தும் விடுகிறது. பென்சிலால் எழுதட்டும், போஸ்டர் கலர் ஈரத்தில் பேனா மை கலங்கிவிடும்.