நெல் குறிப்புகளும் லினக்ஸும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்னைப் போன்றவர்கள் வைத்திருக்கும் மடிக்கணினிகளில் பல அதற்கு முந்தியவை. திரையும் விசைப்பலகையும் குறையின்றி வேலை செய்யும் ஒரு கருவியை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின், பழைய கணினிக்கும் சுமையாகாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு மாறினேன்.

நிறுவும் வேலை எளிதாகவே முடிந்தது. என் தயக்கமெல்லாம் தமிழைப் பற்றியது. பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, கடலோர உவர் நிலத்தைத் தாங்கும் குழியடிச்சான் என்று எங்கள் வட்டாரத்து நெல் வகைகளைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுத் தட்டச்சு செய்த குறிப்புகள் அனைத்தும் பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. பாமினியில் நாம் ‘அ’ என்று காண்பது கணினியின் கணக்கில் ஆங்கில ‘எம்’ எழுத்துதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், தேடினாலும் ஒரு சொல்லும் அகப்படாது.

இவற்றை, எல்லாக் கணினிகளிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறி (யூனிகோடு) முறைக்கு மாற்ற ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் ‘நெல்’ என்ற சொல்லிலேயே பழைய முறையில் ஒற்றைக்கொம்பு முதலிலும் நகரம் அடுத்தும் நிற்க, ஒருங்குறியில் நகரம் முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்படுகின்றன. இந்த வரிசை மாற்றத்தை நிரலே பார்த்துக்கொள்கிறது. ஏடிடி 43 போன்ற ஆடுதுறை ரகப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியிருந்த இடங்கள் மட்டும் பொருளற்ற தமிழெழுத்துகளாக மாறிவிட்டதால், அவற்றைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. அந்த உழைப்புக்குப் பின், ‘குழியடிச்சான்’ என்று தேடினால் எல்லாக் கோப்புகளிலிருந்தும் உரிய வரிகள் வந்து நிற்பதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையே போதுமானது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விசைப்பலகைத் தளவமைப்புப் பட்டியலில் நேரடியாகக் கிடைக்கும் தமிழ்99-இல் தானாகப் புள்ளி விழாது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் என்னும் பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பில் உள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால், ககரத்தை இருமுறை அடித்ததும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும்.

ஆதிரெங்கத்தில், மரபு நெல் வகைகளை மீட்ட நெல் ஜெயராமன் முன்னெடுத்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெறுகிறவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஜிபிஎல் என்னும் பயன்பாட்டு உரிமமும் இதற்கு நெருங்கியதே: திருத்தி வெளியிடுகிறவர், தம் திருத்தங்களின் மூலநிரலையும் பெறுகிறவருக்குத் தர வேண்டும். டெல்டாவில் விதையைக் கைமாற்றி வளர்த்த நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதாக இருக்க முடியாது என்றே கருதுகிறேன். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம், தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. அதைப் பள்ளிகளில் முறையாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் இன்றே மாறுங்கள் என்று சொல்லமாட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர்களும் பேஜ்மேக்கரை நம்பியிருக்கும் அச்சகத்தாரும் விண்டோஸை வன்தட்டின் ஒரு பகுதியில் வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள், கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து மின்ட்டை இயக்கி, வைஃபையும் அச்சுப்பொறியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.