பதினெட்டாம் பக்கத்திலேயே நண்பர்கள்

சிறுவர் நூல்களுக்கு எடிட்டராக வேலை பார்க்கிறேன். 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான நாவல்கள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். ஆங்கிலப் பதிப்புலகில் 'மிடில் கிரேடு' என்பார்கள். பெரும்பாலும் 30,000 முதல் 50,000 சொற்கள். பெற்றோரை எப்படியாவது ஓரமாக உட்கார வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளின் சிக்கலை அவர்களே தீர்த்துவிடுவார்கள், கதை முடிந்துவிடும்.

ஒருமுறை வந்த கைப்பிரதியில் இரண்டு பையன்கள். ஒருவன் பாதி வருடத்தில் புதிதாகச் சேர்ந்தவன், மற்றவனுக்குத் திக்குவாய். பதினெட்டாம் பக்கத்திலேயே நண்பர்களாகிவிட்டார்கள். தள்ளிப் போடுங்கள் என்றேன். "சரி, அதுவரை என்ன எழுதுவது?" என்று கேட்டார் எழுத்தாளர். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு, 1952இல் வெளிவந்த இ. பி. ஒயிட்டின் 'ஷார்லட்ஸ் வெப்' நாவலை மறுபடி எடுத்தேன். நான்காம் அத்தியாயத்தின் தலைப்பே 'தனிமை'. மழை நாள். பன்றிக்குட்டி வில்பர் ஒவ்வொருவரிடமாகப் போய் விளையாடக் கூப்பிடுகிறது. வாத்து முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, எழ முடியாது. ஆட்டுக்குட்டி மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. எலிக்கு விளையாட்டே பிடிக்காது. கடைசியில் இருட்டில் ஒரு குரல், நான் உனக்குத் தோழியாக இருக்கிறேன் என்கிறது. யார் என்று தெரிய விடியும்வரை காத்திருக்க வேண்டும். கேட்டு, மறுக்கப்பட்டு, காத்திருந்து. 'அதுவரை' எழுத வேண்டியது இதைத்தான்.

அடுத்த பிரதியில் 'அவன் தனிமையை உணர்ந்தான்' என்று ஒன்பது இடங்களில் வந்தது. எல்லாவற்றையும் அடித்தேன். எந்தப் பையன் அப்படி நினைப்பான்? ஏற்கெனவே படித்த அறிவிப்புப் பலகையை மறுபடி படிப்பான். அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவான். சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிடுவான். முடித்துவிட்டால் எழுந்து எங்கே போவது? இதெல்லாம் எழுத்தாளர் தொலைபேசியில் சொன்னவை. யாருடைய அனுபவம் என்று நான் கேட்கவில்லை.

நான் சொதப்பியது அதற்குப் பிறகு. நட்புக்கு ஒரு காரணம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வம்பு செய்யும் கும்பலிடமிருந்து ஒருவன் மற்றவனைக் காப்பாற்றட்டும் என்றேன். எழுத்தாளர் அரை மனதாக எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பிரதியைப் படிக்கக் கொடுத்தோம். படித்துவிட்டுக் கேட்டாள்: "காப்பாத்தலைன்னா அவன் ஃபிரெண்டு இல்லையா?"

கும்பலைத் தூக்கினோம். அந்த இடத்தில் இப்போது இரண்டு பக்கங்கள்தான். விளையாட்டு வகுப்பில் இருவரும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். புதியவன் எறும்பு வரிசையின் குறுக்கே ஓர் இலையை வைக்கிறான். எந்தப் பக்கம் சுற்றிப் போகும்? மற்றவன் நெடுநேரம் முயன்று "இடது" என்கிறான். எறும்புகள் வலது பக்கம் போகின்றன. புதியவன் இலையை எடுத்து மறுபடி வைக்கிறான்.

'நண்பன்' என்ற சொல் 112ஆம் பக்கத்தில்தான் முதல்முறை வருகிறது. அதுவும் பாட்டி சொல்வது: "உன் நண்பன் வந்திருக்கான் பார்." பையன் மறுத்து ஒன்றும் சொல்வதில்லை. செருப்பைத் தேடுகிறான்.