கெராச்சுட் கடற்கரைக்கு ஒரு கத்தி

பினாங்கின் ஈரக்காற்று இரும்பைச் சும்மா விடாது. என் பழைய கரிம எஃகுக் கத்தி, பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் ஒரே இரவு தங்கியதில் துருப்பிடித்துவிட்டது. அதனால் இம்முறை சுவீடனின் மோராக்னிவ் கம்பேனியன் கத்தியில், துருவை எளிதில் அண்டவிடாத எஃகு வகையை வாங்கினேன். நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

அலகு ஏறக்குறைய 10 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிப்பு. காட்டுவழி தொடங்கும் தெலுக் பஹாங் ஊரிலிருந்து மூன்று முறை காட்டுவழியே கொண்டுபோனேன். காய்ந்த குச்சியைச் சீவும்போது அது மரத்தில் இறங்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது! வெட்டும் விளிம்புக்கு இருபுறமும் உள்ள சரிவுகள் தட்டையானவை. கல்லில் சரிவை முழுதாகப் படியவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தேடி அலைய வேண்டியதில்லை. தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்துக் கல்லில்தான் தீட்டுகிறேன். அந்தக் கல்லை யாருக்கும் தர மாட்டேன்.

ரப்பர் பிடி வியர்த்த கையிலும் வழுக்கவில்லை. வெங்காயத்தை மட்டும் மெல்லிதாக அரிய வராது. தடித்த கட்டையைப் பிளக்க இதன் முதுகில் அடிக்காதீர்கள். எஃகு பிடியின் கடைசிவரை ஓடவில்லை. அந்த வேலைக்குப் பாராங் என்ற வெட்டுக்கத்தி இருக்கிறது.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, உறைக்கு வெளியே காயவைக்கிறேன். இதுவரை ஒரு துருப்புள்ளிகூட இல்லை.