டிஸ்போசல் ஜீப் வயரிங்: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைட் மங்கலாக எரிகிறது என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால், "6 வோல்ட் வண்டி இப்படித்தான் சார் எரியும், பேசாம 12-க்கு மாத்திடுங்க" என்பார்கள். கடலூரிலும் பாண்டியிலும் எனக்கு இதே பதில்தான். 12-க்குப் போனால் பேட்டரியும் பல்பும் மட்டுமா மாறும்? காயில், ஹார்ன், பெட்ரோல் மீட்டர், டைனமோ, ரெகுலேட்டர் என்று செலவு வரிசையாக வரும். அதை ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

எங்கள் வண்டி 1944 மாடல் வில்லிஸ் எம்.பி. யுத்தம் முடிந்து டிஸ்போசலில், அதாவது ராணுவம் வேண்டாம் என்று விற்றுத் தள்ளியதில், வந்ததைத் தாத்தா வாங்கியிருக்கிறார். வீடு தேவனாம்பட்டினம் பக்கம் என்பதால் வருஷம் முழுக்க உப்புக்காற்று. போதாக்குறைக்கு 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் ஷெட் கூரை பறந்து, ஜீப் அந்த மழையில் முழுக்க நனைந்தது. வெளியில் பெயின்ட் அடித்தாயிற்று. உள்ளே வயருக்கு ஏறிய துரு யார் கண்ணுக்கும் படவில்லை.

ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோதுதான் வினை வந்தது. ஆய்வாளர் பின்னால் நின்றுகொண்டு, "பிரேக்க மிதிங்க" என்றார். மிதித்தேன். எரியவில்லை. இந்த ஜீப்பின் லைட் சுவிட்சைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் புரியும். இழுத்துப் போடும் சுவிட்ச் அது. இழுக்காமல் விட்டால் பிரேக்கை மிதித்தாலும் எரியாது. முதல் இழுப்பில் யுத்தகால மறைப்பு விளக்குகள் மட்டும் எரியும். பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுத்தால்தான் ஹெட்லைட். இன்னும் கடைசிவரை இழுத்தால், பகலில் பிரேக் லைட் மட்டும் வேலை செய்யும். எதிரி விமானத்துக்குத் தெரியாமல் இரவில் ஓட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு. நான் இதைச் சொல்லிக்கொண்டே கடைசிவரை இழுத்துக் காட்டினேன். இடது பக்கம் மட்டும் மினுக்கென்று ஒரு சிவப்பு. அமெரிக்கப் பட்டாளம் சாதாரண பிரேக் லைட்டை இடது பக்கம் மட்டும்தான் வைத்தது, வலது பக்கத்தில் இருப்பது மறைப்பு விளக்கு. இதை அவர் கேட்கவே தயாராக இல்லை. "ரெண்டு பக்கமும் எரியணும், இண்டிகேட்டர் வேணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். கேட்டதில் தப்பில்லை. நின்று ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம்.

அடுத்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அங்கேதான் நெஞ்சு எரிந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த வயர் கட்டை, எது எங்கே போகிறது என்று ஒரு அடையாளமும் கட்டாமல் கட்டிங் பிளேயரால் வெட்டிப் போட்டிருந்தார். அந்தக் காலத்து வயருக்கு மேலே நூல் பின்னல், அதில் நிறக்கோடு ஓடும். அந்தக் கோடுதான் நமக்கு இருக்கும் ஒரே வழிகாட்டி. உள்ளே ரப்பர் தொட்டால் நமுத்துப்போன முறுக்கு மாதிரி உதிர்ந்தது, மாற்றத்தான் வேண்டும், சரி. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முனையிலும் துண்டுக் காகிதம் ஒட்டச் சொல்லி, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டு, பிறகு வண்டியை விடுங்கள்.

அவர் புதிதாக ஓட்டிய வயரும் மோசம். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. ஜீப் குலுங்கும் குலுங்கலில் அது லக், அதாவது வயர் முனையில் மாட்டும் உலோகக் கொக்கி, பக்கத்திலேயே முறிந்துவிடும். கடையில் வாங்கும்போதே ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் பாண்டி நெல்லித்தோப்பில் ஒரு பெரியவர் கிடைத்தார். யெஸ்டி, ராஜ்தூத் காலத்திலிருந்து 6 வோல்ட்டில் கை பழகியவர். பல்பைத் தொடவே இல்லை. இந்த வண்டியில் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான், அதைத்தான் எர்த் என்கிறோம். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தார், இன்னொன்றை விளக்கின் உடம்பில் வைத்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டிய மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது. "தம்பி, உன் கரண்டுல கால்வாசி இந்தத் துருவுலயே செத்துப்போவுது" என்றார். 12 வோல்ட் வண்டியில் ஒன்றரை போனால் சமாளிக்கும். 6-இல் போனால் பல்புக்கு மிஞ்சுவது நாலரை, வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே வாட்டுக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடுவதால், வயரும் தடிமனாக வேண்டும், ஜாயின்ட்டும் சுத்தமாக வேண்டும்.

இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை எர்த்துக்கு இருக்கும். குனிந்து பார்த்தோம். பச்சை பூத்துப்போய், பாதி இழை அறுந்து தொங்கியது. புதுப் பட்டை போட்டோம். பேட்டரிக்கு 50 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிள். கார் கடையில் தரும் 12 வோல்ட் கேபிள் இதற்குப் பத்தாது. விளக்கு உட்காரும் இடத்தில் எல்லாம் பெயின்ட்டை எமரி தாளால் தேய்த்து, போல்ட் முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். ஹெட்லைட்டை இன்ஜின் பக்கம் திருப்பிப் போட ஒரு கீல் இருக்கிறதே, அங்கே வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு ஸ்லீவ் போடுங்கள், எங்கள் வண்டியில் அது உரசியே அறுந்திருந்தது.

மற்ற வயரிங் சிக்கலில்லாமல் முடிந்தது. அலைய வைத்தது இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் 6 வோல்ட் ஃப்ளாஷர்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போனேன். ஒரு கடையில் 6 என்று அச்சடித்த டப்பாவைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இருந்த சாமானில் 12 என்று குத்தியிருக்கிறது. பஸ் காசும் ஒரு நாளும் வீண். போன் செய்தால் "விற்ற பொருள் வாபஸ் இல்லை". கடைசியில் கடலூர் ஓ.டி.-யில் (பழைய டவுன்) பழைய யெஸ்டி மெக்கானிக் ஒருவரின் தகர டப்பாவில் கிடைத்தது. சென்னைக்குப் போவதற்கு முன் உள்ளூர் பழைய பைக் மெக்கானிக்குகளைக் கேட்டுவிடுங்கள்.

வலது பக்கம் ஒரு சாதாரண டெயில் லைட் கூடுதலாகப் போட்டோம். மறைப்பு விளக்குகளைக் கழற்ற நான் சம்மதிக்கவில்லை. தூரத்திலிருந்து ஒரே புள்ளியாகவும் நெருங்க நெருங்கப் பிரிந்தும் தெரியும் அந்தச் சின்னச் சிவப்புகளை வைத்துத்தான், பின்னால் வரும் டிரைவர் இருட்டில் இடைவெளி கணிப்பார். தனி வயர் ஓட்டி அவற்றையும் எரிய வைத்துவிட்டோம். இரண்டு பிரேக் லைட்டும் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் எரியும்படி தனி லைன்.

மறுபடி ஆய்வுக்குப் போனபோது அதே ஆய்வாளர். "மிதிங்க." மிதித்தேன். வெயிலிலும் பளிச்சென்று இரண்டு பக்கமும் எரிந்தது. ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது போதும்.

கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, தேய்த்து, வாசலின் போட்டு முடுக்குங்கள். வயரிங் படத்தை ஒரு அட்டையில் வரைந்து பிளாஸ்டிக் கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள், அடுத்து கை வைப்பவர் எதையும் வெட்டாமல் இருப்பார்.